மூன்று நாள் பார்க்காத டேப்

ஜூலை 3

இது போன வருஷத்து டைரி. ஜவுளிக்கடையில் என் மனைவி இந்திராணிக்குக் கொடுத்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை ஒத்துவராது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு எழுத வேண்டியதுதான். எனக்கு இது போதும். பத்தாம் வகுப்புக் கணக்கில் பதினேழு மார்க் வாங்கி, மறுபடி எழுதி முப்பத்தாறு வாங்கி, அந்த முப்பத்தாறை வைத்தே முப்பத்தோரு வருஷம் கண்டக்டராக ஓட்டியவன் நான். திண்டுக்கல் வத்தலக்குண்டு தடத்தில் என் விசிலுக்கு நிற்காத பஸ் கிடையாது. என் பேச்சுக்கு நின்ற ஆள்தான் கிடையாது.

எழுத வைத்தவள் மகள் பிருந்தா. இன்டர்நெட் பார்க்கிற பிரவுசர் ஒன்றைத் தயாரிக்கும் கம்பெனியில் இருக்கிறாள். ஆபீஸ் சென்னையில். மார்ச்சில் இந்திராணி இறந்துபோனதிலிருந்து இங்கேயே முன்னறையில் மேஜை போட்டு வேலை செய்கிறாள்.

"அப்பா, தினம் காலையில அம்மா லேப்டாப்பத் திறந்து எத்தனை டேப் இருக்கு, மெமரி எத்தனை சதவீதம்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. பழைய மெஷின் எப்படி மூச்சு வாங்குதுன்னு எனக்குத் தெரியணும்."

"நீயே பாத்துக்கலாமே தாயி?"

"என்னால அதைத் தொட முடியாதுப்பா."

சரி என்றேன். லேப்டாப் சமையலறை அலமாரியில் மிக்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்திராணி அங்கன்வாடி டீச்சர், கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். சாம்பார் கொதிக்கும்போது நின்றபடியே டைப் அடிப்பாள். ஒரு பக்கத்தைத் திறந்தால் மூடவே மாட்டாள். திறந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே ஒரு சின்னத் துண்டு நிற்கிறது. அதுதான் டேப். எண்ணினேன்.

டேப் 64. மெமரி 91 சதவீதம்.

"ராத்திரி ஷட் டவுன் பண்ணிருங்கப்பா. மெஷினுக்கு நல்லது" என்றாள்.

பண்ணுகிறேன் என்றேன். பண்ணவில்லை.

ஜூலை 4

டேப் 64. மெமரி 92. உள்ளே விசிறி அரவை மில் மாதிரி சத்தம் போடுகிறது. இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக்கினேன். பிருந்தா ஒன்று சாப்பிட்டாள்.

ஜூலை 6

காலை மீட்டிங்கில் சண்டை. டீ கொடுக்கப் போய் வாசல்படியிலேயே நின்று கேட்டேன். மூன்று பேர். பிருந்தா ஒருத்தி. இன்னொருத்தி ஹேமலதா, சென்னைப் பெண், பிரவுசர் பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவள். மூன்றாவது ஸ்டான்லி, நாகர்கோவில்காரர், மெமரி தின்னாமல் வேகமாக ஓட வைப்பது அவர் பொறுப்பு.

ஹேமலதா சொன்னாள்: "முப்பது டேப் தாண்டினா பேரே தெரியல ஸ்டான்லி. எல்லாம் எறும்பு சைஸ் ஆயிடுது. மேல வேணாம். இடது பக்கம் மேலிருந்து கீழ வரிசையா வெச்சா பேர் முழுசாத் தெரியும்."

"பேர் தெரிஞ்சா இன்னும் நூறு திறப்பான். அதுக்கு நான்லா பதில் சொல்லணும்? நாலு ஜிபி மெஷின்காரன் விசிறி கத்துற கத்துல நம்மளத் தூக்கிப் போட்டுட்டு வேற பிரவுசருக்குப் போயிருவான்."

"அழகா வெக்கணும்னு நான் சொல்லல. தேடாம கிடைக்கணும்னு சொல்றேன்."

"கிடைக்கிறது இருக்கட்டும். முதல்ல மெஷின் ஓடணும்லா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் டெப்போவிலும் இதே சண்டைதான். ஒரு அதிகாரி சீட்டை அகலமாகப் போடச் சொல்வார், ஒரு அதிகாரி நிற்கிற இடத்தை அதிகமாக்கச் சொல்வார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போவது ஜீப்பில்.

டேப் 64. மெமரி 92.

ஜூலை 8

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்தடை. பேப்பரில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. விசிறி நின்றதும்தான் தெரிந்தது. அந்த லேப்டாப்பின் பேட்டரி இருபத்தைந்து நிமிஷம்தான் தாங்கும்.

லுங்கியோடு கிளம்பினேன். லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, மூடியை மூடாமல், ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்கு. டைம் கீப்பர் அறையில் ஜெனரேட்டர் உண்டு. சுப்புராஜ் என்னோடு வேலை பார்த்தவன், இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் பாக்கி.

"என்னய்யா சடையப்பா, கைப்பிள்ளையத் தூக்கிட்டு வர்ற? ரிட்டயர்டு ஆன பெறகு ஐடி கம்பெனி ஆரம்பிச்சிட்டியா?"

"ஆமாடா. உனக்கு வாட்ச்மேன் வேலை போட்டுத் தாரேன், முதல்ல பிளக்கைக் குடு."

ஏழு சதவீதத்தில் செருகினேன். மூன்றாவது தடவைதான் பிளக் உள்ளே போனது. ஆட்டோ குலுக்கல்தான் காரணம்.

இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். அறுபத்து நான்கில் அறுபத்து மூன்று சும்மா. கோலம், பொடுதலைத் துவையல், மூட்டுவலித் தைலம், பிருந்தாவுக்கு ஜாதகம் பார்த்த பக்கம். நாற்பத்தோராவது மட்டும் வேறு. இந்திராணி ஒன்பது நாள் படுத்திருந்த ஆஸ்பத்திரியின் பக்கம். வீட்டுக்கு வந்த பிறகு, 'உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்' என்று போனுக்கு ஒரு செய்தி வந்தது. யாரும் பதில் போட மாட்டார்கள். இவள் போடுவாள். அங்கன்வாடியில் பதினோரு ரெஜிஸ்டர் எழுதியவள், கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் எழுதாமல் விட மாட்டாள். கட்டத்துக்குள் ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாள். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அடுத்த வாரம் உட்கார முடியாமல் போனது.

அவள் போன பிறகுதான் அதைப் பார்த்தேன். எங்கேயும் சேமிக்காத எழுத்து. லேப்டாப்பை அணைத்தால் போய்விடும். அதனால்தான் அணைப்பதில்லை.

ஜூலை 10

நேற்று பிருந்தா இழுத்துக்கொண்டு போய் எனக்குச் சுகர் டெஸ்ட் கொடுக்க வைத்தாள். இன்று மாலை ரிப்போர்ட் வாங்க நான் மட்டும் போனேன். லேப் கவுன்டரில் நாலு பேர் நின்றார்கள். எதிரே ஒரு டீக்கடை. டீ நன்றாக இருந்தது, வடையும் சூடு. திரும்பி வந்தேன்.

"என்னப்பா சொன்னாங்க?"

"எல்லாம் நார்மல்."

"பேப்பர் எங்க?"

"பஸ்ல விட்டுட்டேன் போலிருக்கு. முப்பத்தோரு வருஷம் மத்தவங்க விட்டுட்டுப் போனத எடுத்து வச்சேன். இப்பத்தான் முதல் தடவையா நான் விட்டிருக்கேன்."

சிரித்தாள். நாலு மாதத்தில் அவள் சிரித்தது இது இரண்டாவது முறை.

டேப் 64. மெமரி 93.

ஜூலை 12

இன்றைய சண்டையை டீயோடு வாசல்படியில் நின்று கடைசி வரை கேட்டேன். மூன்று நாள் யாரும் எட்டிப் பார்க்காத டேப்பைத் தூங்கவைத்துவிட வேண்டும் என்கிறார் ஸ்டான்லி. அதற்கான புரோகிராமை எழுதியவளே பிருந்தாதானாம். தூங்குகிற டேப்பின் பெயர் மட்டும் வரிசையில் நிற்கும். உள்ளே உள்ளது மெமரியிலிருந்து இறங்கிவிடும். மறுபடி தொட்டால் பக்கத்தைப் புதிதாக இன்டர்நெட்டிலிருந்து கொண்டுவந்து காட்டும்.

"அதுல ஒருத்தர் ஏதாவது பாதி டைப் பண்ணி வெச்சிருந்தா?" என்றாள் ஹேமலதா.

"போயிரும்."

"என்ன ஸ்டான்லி இவ்ளோ ஈசியா சொல்றீங்க? அது அவங்க எழுதினது. நம்மளோடது இல்ல."

"அப்படிப்பட்ட டேப்ப மட்டும் விட்டுரலாம்னா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா தேடுற கட்டத்துல ஒத்த எழுத்து கிடந்தாலும் அதுவும் பாதி எழுதினதுன்னுல்லா கணக்காவும்? பாதி டேப் தூங்காம நிக்கும். பெறகு எதுக்கு இந்த வேலை?"

பிருந்தா நடுவில் புகுந்தாள். "உண்மையிலேயே எத்தனை பேர் அப்படி எழுதி வெச்சிருக்காங்கன்னு கேட்டுருவோம். நிறைய டேப் வெச்சிருக்கிற ஒன்பது பேர்கிட்டப் பேசலாம். ஒருத்தர் இருந்தாலும் எழுதின டேப்ப விட்டுரலாம். யாருமே இல்லன்னா ஸ்டான்லி சொல்றபடி."

இரண்டு பேரும் சரி என்றார்கள். டீ ஆறிப்போயிருந்தது. நானே குடித்தேன்.

சாப்பிடும்போது பிருந்தா கேட்டாள். "அந்த ஒன்பதுல ஒரு ஆளா நீங்க வர்றீங்களாப்பா? அறுபத்து நாலு டேப் வெச்சிருக்கிற ஆள் லேசுல கிடைக்க மாட்டாங்க."

"எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாததுதான் வேணும்."

அந்தத் தகுதியில் என்னை அடிக்க ஆள் இல்லை.

ஜூலை 14

சட்டை போட்டு, தலை சீவி, பிருந்தாவின் மேஜை முன் உட்கார்ந்தேன். அவள் எனக்குப் பக்கத்தில். திரையில் ஹேமலதாவும் ஸ்டான்லியும்.

"அங்கிள், இத்தனை டேப் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றார் ஸ்டான்லி.

"தம்பி, ஐம்பத்து நாலு சீட்டு பஸ்ல நூத்திப்பத்து பேரை ஏத்துனவன் நான். எனக்கு அறுபத்து நாலு காலி பஸ்ஸு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வாய் நிற்கவில்லை.

"பஸ்ல தூங்குறவங்கள என்ன பண்ணுவீங்க அங்கிள்?" என்றார் ஸ்டான்லி.

"டிக்கெட் எந்த ஊருக்குன்னு ஞாபகம் இருக்கும்ல. ஊர் வந்ததும் தோளத் தட்டி எழுப்பி, பையக் கையில குடுத்து இறக்கி விடுவோம்."

ஹேமலதா துள்ளினாள். "கேட்டீங்களா ஸ்டான்லி? பையக் கையில குடுத்து! அதைத்தான் நானும் ஒரு மாசமாச் சொல்றேன்."

"பைன்னு ஒண்ணு இருந்தாத்தானே குடுக்க? அங்கிள், உங்க டேப்ல அப்படிப் பை எதாவது இருக்கா? யாராவது பாதி எழுதிட்டு விட்டது?"

பிருந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

இருக்கிறது என்றால் எது என்று கேட்பாள். அம்மா எழுதியது என்றால் அந்த நிமிஷமே எழுந்து சமையலறைக்குப் போவாள். நாலு மாதமாகத் தொடாத லேப்டாப்பைத் தொடுவாள். கடைசி வரி வரைக்கும் படிப்பாள்.

"இல்ல தம்பி. எல்லாம் வெறுங்கையோட ஏறுன ஆளுங்க" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். பிருந்தா ஏதோ எழுதிக்கொண்டாள்.

ஜூலை 15

டேப் 64. மெமரி 93. பால்காரர் வரவில்லை.

ஜூலை 17

முடிவாகிவிட்டது. ஒன்பது பேரும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஸ்டான்லி சொன்னபடியே எல்லா டேப்பும் மூன்று நாளில் தூங்கும். பதிலுக்கு ஹேமலதாவுக்கு இடது பக்க வரிசை கிடைத்தது. மாதக் கடைசியில் எல்லாருக்கும் போகும் என்றாள் பிருந்தா.

"நீங்க சொன்ன வெறுங்கைய ஸ்டான்லி அறிக்கையிலயே எழுதிட்டார்ப்பா. அமெரிக்காவுல இருக்கிற மேலாளர் படிச்சுட்டு ரசிச்சாராம்."

மாதக் கடைசி என்றால் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் இந்திராணி எழுதியதை இந்த டைரியில் பார்த்து எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். போனில் படம் பிடிக்க வழியில்லை. எங்கள் மூன்று பேர் போனிலும் எடுக்கிற படம் எல்லாம் ஒரே இடத்தில் போய்ச் சேரும்படி பிருந்தா செய்துவைத்திருக்கிறாள். அவள் வெளியே போயிருந்த நேரத்தில் ஆரம்பித்தேன். இந்திராணி எழுதியது:

'மருத்துவமனை நிர்வாகத்திற்கு வணக்கம். நான் இரண்டாம் மாடியில் 14ஆம் படுக்கையில் ஒன்பது நாட்கள் இருந்தேன். குறைகளை மட்டும் எழுதுவது முறையல்ல என்பதால் முதலில் நிறைகள். வெந்நீர் கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் கொண்டுவந்த பணியாளர் பெயர் ஜெபமணி. அவருக்கு என் பாராட்டைத் தெரிவிக்கவும்.'

ஜெபமணி யார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. ஒன்பது நாளும் நான் அங்கேதான் இருந்தேன்.

ஜூலை 18

தொடர்ச்சி.

'14ஆம் படுக்கைக்கு மேலுள்ள மின்விசிறி சத்தமிடுகிறது. பக்கத்துப் படுக்கை அம்மாள் அது கழன்று விழுமோ என்று பயந்து கண்ணை மூடாமலே கிடந்தார். கழிவறையில் பிடித்து எழ ஒரு கம்பி வைத்தால் நல்லது. நான் இரண்டு முறை சுவரைப் பிடித்து எழுந்தேன். மூன்றாவது முறை முடியவில்லை. கதவைத் தட்டி அழைத்தேன். அடுத்து, பரிசோதனை ரிப்போர்ட் பற்றி.'

கண் எரிகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும். மீதி ஐந்தாறு வரிதான். நாளைக்கு.

ஜூலை 19

டேப் 64. மெமரி 93. முருங்கைக்காய் வாங்கினேன். பிருந்தாவுக்குப் பிடிக்கும். எழுத நேரமில்லை.

ஜூலை 20

தண்ணீர் டேங்க் கழுவினேன். இந்த வயதில் தேவையா என்று பிருந்தா சத்தம் போட்டாள். போன மாதம்தான் கழுவியது. லேப்டாப் பக்கம் போகவில்லை. டேப் எண்ணிக்கை நேற்றுப் போலத்தான் இருக்கும், அதையே எழுதிக்கொள்ளலாம்: 64.

ஜூலை 21

நேற்றுப் போலவே. மீதி வரிகள் எங்கேயும் ஓடிவிடாது.

ஜூலை 22

காலையில் சமையலறைக்குள் போனதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று புரியவில்லை. காஸ் வாடை இல்லை, குழாய் ஒழுகவில்லை. பிறகுதான் தெரிந்தது. சத்தம் இல்லை. லேப்டாப்பின் விசிறி சுற்றவில்லை.

திரையைத் தொட்டேன், வந்தது. டேப் எல்லாம் இடது பக்கம் மேலிருந்து கீழாக நின்றன, முழுப் பெயரோடு. அழகாகத்தான் இருந்தது. எழுத்து எல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது. மெமரி 37.

நாற்பத்தோராவதைத் தொட்டேன். ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பக்கம் வந்தது. கட்டம் காலியாக இருந்தது. உள்ளே வெளிறிய எழுத்தில் 'உங்கள் கருத்தை இங்கே எழுதவும்' என்று இருந்தது.

பின்னால் போகிற அம்பை அழுத்தினேன். முன்னால் போகிற அம்பை அழுத்தினேன். இன்னும் என்னென்னவோ அழுத்தினேன்.

"என்னப்பா, சத்தம் நின்னுருச்சா?" முன்னறையிலிருந்து பிருந்தா. குரலில் சந்தோஷம். "நேத்து சாயந்திரமே முதல் ஆயிரம் பேருக்கு ஆன் பண்ணிட்டோம். அப்டேட்கூட வேணாம், இங்கிருந்து ஒரு சுவிட்ச் போட்டாப் போதும். நம்ம வீட்டு மெஷினையும் அதுல சேர்த்தேன். உங்க மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்கள்ல, அதான் தைரியமா. மெமரி எவ்ளோ?"

"முப்பத்தேழு."

"தொண்ணூத்து மூணுல இருந்தா? சூப்பர்ப்பா!"

அங்கிருந்தே ஸ்டான்லிக்குப் போன் போட்டுச் சொன்னாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். என்ன வைப்பதற்காகப் பற்றவைத்தேன் என்று தெரியவில்லை. அணைத்தேன்.

மூன்று நாள் யாரும் எட்டிப் பார்க்காத டேப். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. தினமும் பார்த்துக்கொண்டிருந்தவன், சரியாக அந்த மூன்று நாள்தான் பார்க்கவில்லை.

ஜூலை 23

டேப் 64. மெமரி 36.

எழுதும்போது மறைப்பானேன். முதல் கொஞ்ச நேரம், நேற்று, எனக்கு லேசாகத்தான் இருந்தது. இனி யாரும் அதைப் படிக்க முடியாது. அந்த லேசு அரை மணி நேரம் இருந்திருக்கும்.

ஜூலை 25

பிருந்தா மதியம் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தேன். திரையில் ஹேமலதாவும் ஸ்டான்லியும் இருந்தார்கள். அந்த ஆயிரம் பேரில் ஒரு பெண் கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்கிறாளாம். கோர்ட்டில் கொடுக்க வேண்டிய மனுவை ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வைத்திருந்தவள். புருஷன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எழுதினாளாம். நாலு நாள் அவன் வீட்டிலேயே இருந்திருக்கிறான். அவன் போன பிறகு திறந்தால் ஒன்றுமில்லை.

"ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட இல்லன்னீங்களே" என்றாள் ஹேமலதா. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஸ்டான்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டோம்லா? எல்லாரும் இல்லன்னாதான சொன்னாங்க?"

மீட்டிங் முடிந்தது. பிருந்தா மேஜையில் தலையை வைத்துக்கொண்டாள். "அந்தச் சுவிட்ச் என் கையால போட்டதுப்பா. கேட்டுட்டுத்தானே போட்டேன்? ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுட்டுத்தானே போட்டேன்?"

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பயணியைக்கூட நான் தவறான ஊரில் இறக்கியதில்லை. அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வேன்.

"ஒன்பது பேர்ல ஒரு ஆள் பொய் சொல்லிட்டான் தாயி" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய் இந்த டைரியை எடுத்து வந்து மேஜையில் வைத்துவிட்டு, பால் வாங்கக் கிளம்பினேன். வீட்டில் பால் இருந்தது.

ஜூலை 26

நேற்று பாலோடு திரும்பி வந்தபோது பிருந்தா படித்து முடித்திருந்தாள். டைரி பதினெட்டாம் தேதியில் திறந்து கிடந்தது. அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பரிசோதனை ரிப்போர்ட் பற்றி. அப்புறம் என்னப்பா?"

"ஐந்தாறு வரி. ஞாபகமில்ல."

"நாலு மாசம் தினமும் படிச்சிருக்கீங்க."

பாலை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

"அம்மா ரிப்போர்ட்ட வாங்கப் போனது நீங்கதானே? ஜனவரியில."

"கவுன்டர்ல அந்தப் பொண்ணு, டாக்டரைப் பாத்துட்டு வாங்கிக்கங்க, வீட்டு ஆள் இன்னொருத்தரையும் கூட்டிட்டு வாங்கன்னுச்சு. ஒண்ணுமில்லன்னா சும்மா நீட்டியிருக்குமே. எனக்குக் காலு ஓடல. எதிர்த்தாப்ல டீக்கடை இருந்துச்சு."

"டீக்கடையில உக்காந்துட்டு வந்து அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

அவளே பதிலைக் கண்டுபிடித்துவிட்டாள். முகத்தில் தெரிந்தது. பத்தாம் தேதிப் பக்கத்துக்குப் புரட்டினாள். டீ, வடை.

"உங்க சுகர் ரிப்போர்ட் எங்கப்பா?"

ஜூலை 27

பிருந்தா என்னோடு பேசவில்லை. டைரியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள், பேனாவோடு. இவள் அம்மாவும் இப்படித்தான். கத்த மாட்டாள்.

பிப்ரவரி 19ஆம் தேதி அங்கன்வாடியில் மயங்கி விழுந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, அங்கே கவுன்டரில் கிடந்த ரிப்போர்ட் கவரை நர்ஸ் எடுத்து வந்தாள். இந்திராணி அதில் இருந்த தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. சாகிற வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லியிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை போலிருக்கிறது.

அவள் எழுதிய மீதி இது. ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.

'என்னுடைய ரிப்போர்ட் ஜனவரி 6ஆம் தேதியே தயாராகிவிட்டது. உங்கள் கவுன்டரில் நாற்பத்து நான்கு நாட்கள் கிடந்தது. இது உங்கள் தவறு அல்ல. வாங்கப் போனவர் வாங்காமல் வந்து, எல்லாம் நார்மல் என்று என்னிடம் சொன்னார். நானும் நம்பி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். ஆலோசனை: ரிப்போர்ட் வந்தால் நோயாளிக்கே போன் செய்து சொல்லவும். வீட்டில் இருப்பவர்களிடம் கொடுத்தனுப்ப வேண்டாம்.'

ஜூலை 28

காலை மீட்டிங்கில் பிருந்தா சொன்னாள். நான் சமையலறையில் இருந்தேன், கதவைச் சாத்தாமல்தான் பேசினாள்.

"அந்த ஒன்பதுல ஒருத்தர்கிட்டப் பாதி எழுதினது இருந்துச்சு. இல்லன்னு பொய் சொல்லிட்டார். எங்கப்பா. எங்கம்மா எழுதினது அது."

பிறகு ஸ்டான்லியின் குரல்: "பிருந்தா, நான்தான் அந்தக் கேள்விய உன் முன்னாடி வச்சு கேட்டேன். தனியால்லா கேட்டிருக்கணும்."

சுவிட்சை அணைத்துவிட்டார்கள். எழுதியிருக்கிற டேப்பைத் தூங்கவிடாமல் செய்யும் வேலை செப்டம்பருக்குள் முடியுமாம். கோர்ட்டுக்கு எழுதிய பெண்ணுக்குக் கம்பெனி மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. அவள் பதில் போடவில்லை.

ஜூலை 30

பிருந்தா முதல் தடவையாகச் சமையலறைக்கு வந்து அம்மாவின் லேப்டாப் முன் நின்றாள். உட்காரவில்லை, அம்மா மாதிரியே நின்றுகொண்டு.

"படிங்க" என்றாள்.

டைரியைப் பார்த்துப் படித்தேன். அவள் காலிக் கட்டத்தில் டைப் அடித்தாள். ஜெபமணி, மின்விசிறி, கம்பி. ரிப்போர்ட் வந்ததும் நிறுத்தினேன். அவள் விரல்களும் நின்றன. என் பக்கம் திரும்பவில்லை. படித்தேன். அடித்தாள். 'கொடுத்தனுப்ப வேண்டாம்' வரைக்கும்.

அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். 'நன்றி. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது' என்று வந்தது.

"ஷட் டவுன் பண்ணட்டுமாப்பா?"

"பண்ணு."

ஆகஸ்ட் 1

டேப் இல்லை. மெமரி இல்லை. மூடியின் மேல் தூசி படியாமல் இருக்க இந்திராணியின் கைக்குட்டையைப் போட்டிருக்கிறேன்.

என் சுகர் ரிப்போர்ட்டைப் பிருந்தாவே போய் வாங்கி வந்தாள். வெறும் வயிற்றில் இருநூற்று எண்பத்தாறு. லேப்பில் என் போன் நம்பரை அடித்துவிட்டுத் தன் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். தட்டில் இரண்டு சப்பாத்தி வைத்தாள். சர்க்கரை டப்பாவைக் காணோம்.

அவளும் சரியாகச் சாப்பிடுவதில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. இத்தனை நாள் கேட்காததற்குச் சேர்த்து, இன்று ஜோக் எதுவும் சொல்லாமல் கேட்டேன்.

"எப்படி இருக்க தாயி?"

தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"நார்மல்ப்பா."